நடமாடும் கசிவு

இதை நீங்கள் உட்கார்ந்துகொண்டு கேட்கலாம், சாய்ந்துகொண்டும் கேட்கலாம், காலை நீட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. அந்தக் கொடுப்பினை செல்லியம்மன் தோட்டத்து எத்திராஜுக்குப் பதினோரு நாள் இல்லாமல் போன கதைதான் இது என்பதால், கேட்கிறவர்களாவது சௌகரியமாக இருக்கட்டும்.

செல்லியம்மன் தோட்டத்தில் பேருக்குக்கூட ஒரு செடி கிடையாது. வடசென்னையில் ரயில் பாதைக்கும் மூடிப்போன ஒரு மில்லின் மதிலுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிற ஐந்து தெருக்கள், அவ்வளவுதான். மில் ஓடிய காலத்தில் சாம்பலைக் கொட்டிக் கொட்டி ஒரு பக்கம் மேடாகிப் போனதால் ஐந்தாம் தெரு உச்சியிலும் முதல் தெரு பள்ளத்திலும் இருந்தன, ஆகவே தண்ணீர் முதல் தெருவுக்குத் தாராளமாகவும் மூன்றாம் தெருவுக்கு முனகிக்கொண்டும் வந்தது, ஐந்தாம் தெருவுக்குப் பத்தொன்பது வருஷமாக வரவே இல்லை. இந்த ஐந்து தெருவுக்கும் தண்ணீர் திறந்துவிடுகிறவர் எத்திராஜ். நெஞ்சுயரம் இருக்கும் இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவார், ரோட்டு மூடியைத் தூக்குவார், சாவியை வால்வில் மாட்டி, தொழுவத்துப் பசுவைக் கூப்பிடுகிற மாதிரி "வாடி கண்ணு, மெதுவா வா" என்று சொல்லித் திருப்புவார், நேரம் முடிந்ததும் "போதும், போய்ப் படு" என்று சொல்லி மூடுவார். ஐந்தாம் தெருக்காரர்கள் வழிமறித்துக் கேட்டால் "நாளைக்கு வரும்" என்பார். பத்தொன்பது வருஷமும் அதையேதான் சொன்னார். மனுஷன் பொய்யர் இல்லை, பாவம், வேறு சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.

அவருடைய வீடு முதல் தெருவின் கடைசி வீடு. கட்டும்போது ரோட்டைவிட உயரமாக இருந்த வீடுதான். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொரு புது ரோடு என்று போட்டுக்கொண்டே வந்ததில் ரோடு வளர்ந்தது, வீடு வளரவில்லை, ஆகவே இப்போது மூன்று படி கீழே இறங்கித்தான் உள்ளே போக வேண்டும், ஜன்னலோரம் படுத்துக்கொண்டு பார்த்தால் தெருவில் போகிறவர்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். அந்தப் படியில்தான் அவருடைய மனைவி பூங்காவனம் வழுக்கி விழுந்து இடது காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரத்துக்குத் தண்ணீர் படக் கூடாது, காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி, பிடித்துக்கொள்ள ஒரு வாக்கரும் கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. கஞ்சி வைப்பது, காலைத் தூக்கித் தலையணைமேல் வைப்பது, தலை வாரிவிடுவது, எல்லாம் எத்திராஜ்தான். வகிடு கோணலாகப் போகும், அவள் திட்டுவாள், அவர் மறுபடி எடுப்பார். இப்படி ஒரு வாரம் போன பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன பைப்பு வெடித்தது.

வியாழக்கிழமை, பகல் பதினோரு மணி. முதல் தெரு முனையில் கேபிள் புதைக்கத் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரத்தின் பல் பெரிய குழாயில் இறங்கியது, தண்ணீர் இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பி நின்றது, ஆட்டோக்கள் திரும்பிப் போயின, ஹமீது பாய் டீக்கடையின் பிஸ்கட் பாட்டில்கள் ஒவ்வொன்றாக மிதந்து வெளியே வந்தன, இஸ்திரி வண்டிக்காரர் பிறத்தியார் துணிகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நடுத்தெருவில் நின்றார். எத்திராஜ் சாவியோடு ஓடி வந்தார். இரண்டு சுற்றுத்தான் சுற்ற முடிந்தது, மூன்றாவதில் வால்வு இறுகிக்கொண்டது. மூடுகிற நேரத்தில் சொல்ல வேண்டியது ஒன்று, ஆனால் மூச்சிரைப்பில், முப்பது வருஷப் பழக்கத்தில், சாவி கையில் இருக்கிற தைரியத்தில் அவர் வாயில் வந்தது மற்றது. "வாடி கண்ணு, வா" என்றார். சொல்லிவிட்டு, வேறு சாவி எடுத்துவர குடிநீர் வாரிய டிப்போவைப் பார்த்து நடந்தார்.

தண்ணீர் குனிந்தது. மாடி உயரத்திலிருந்து மெல்ல இறங்கி, தெருவில் பரவியிருந்ததையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு, ஒரு துண்டு அகலத்துக்கு ஒடுங்கி, எத்திராஜின் குதிகாலுக்கு ஒரு முழம் பின்னால் வந்து சேர்ந்து, அவர் நடந்தால் நடந்து, அவர் நின்றால் நின்றது.

பார்த்தவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. "ரோட்ட விட்டுச்சே, அது போதும்" என்றார் இஸ்திரிக்காரர். ஹமீது பாய் பிஸ்கட் பாட்டில்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

எத்திராஜுக்கே முதலில் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. டிப்போவுக்குள் போனார், தண்ணீரும் போனது, ரிஜிஸ்தர்கள் நனைந்தன, வெளியே அனுப்பினார்கள். பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் தண்ணீருக்கும் உட்காரத் தோன்றிவிட்டது போல, கணுக்கால், முழங்கால் என்று ஏறி, டீ பாதி குடிப்பதற்குள் பெஞ்சு மிதந்தது. சரி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மூன்று படி இறங்கினார். அந்த மூன்று படியிலும் அது அவர் பின்னால் சத்தத்தோடு இறங்கிற்று. கூடத்தில் நின்று ஒரு வாய் கஞ்சி குடிப்பதற்குள் தண்ணீர் கட்டில் சட்டத்தை நக்கியது, பூங்காவனம் மாவுக்கட்டுக் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு "யோவ், வெளிய போய்யா, கட்டு நனையுது" என்று கத்தினாள், அவர் தட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். அவர் ஏறியதும் தண்ணீரும் ஏறிப் போய்விட்டது. தெருவில் நின்று கையைக் கூப்பி, "போதும், போய்ப் படு" என்றார். நூறு தடவை சொல்லியிருப்பார். அது அவர் பின்னால் நாய்க்குட்டி மாதிரி நின்றுகொண்டே இருந்தது. வா என்றால் வருவதற்குப் பழகியிருந்ததே தவிர, போய்ப் படுக்கக் குழாய் இல்லாத இடத்தில் அது எங்கே போய்ப் படுக்கும்?

அப்படி ஆரம்பித்தது அந்த நடை.

இனி ஜனங்களைச் சொல்ல வேண்டும். குழாயைச் சரிசெய்து குழியை மூட இரண்டு நாள் ஆயிற்று, ஆனால் அதில் ஒரு சொட்டு இல்லை. வர வேண்டியதெல்லாம் இவர் பின்னால் வந்துகொண்டிருந்தது. வாரியத்து உதவிப் பொறியாளரான ஏ.இ. அம்மா, சின்ன வயசுக்காரி, நல்ல மாதிரி, தெருவுக்கே வந்து பார்த்து, கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஃபைலில் 'நடமாடும் கசிவு' என்று எழுதினாள். எத்திராஜ் ஆபீசுக்குள் வர முடியாது என்பதால் வருகைப் பதிவேட்டை ஒரு பியூன் தினமும் எடுத்துவந்து, அவர்கூடவே நடந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஹமீது பாய் டீயை இந்த முனையில் கொடுத்து கிளாசை அந்த முனையில் வாங்கிக்கொண்டார். முடிதிருத்துகிறவர் ஒருநாள் விட்டு ஒருநாள் அவருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே ஷேவிங் செய்துவிட்டார், ஒரு கீறல் விழவில்லை. நடக்கிறபோதே எத்திராஜ் தூங்கப் பழகிக்கொண்டார். கண் செருகி அவர் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருப்பார், தெரு முனை வந்ததும் அங்கே இருக்கிற யாராவது ஒருவர் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பிவிடுவார், அவர் திரும்பித் தூக்கத்தைத் தொடர்வார். எல்லாரும் ரொம்பப் பிரியமாகத்தான் இருந்தார்கள். அதுதான் வேதனை.

தண்ணீர் பிடிப்பதற்கும் இரண்டாம் நாளே ஒரு முறை வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் குடவரிசை என்றால் சாமி மாதிரி. லாரித் தண்ணீருக்கோ பம்புக்கோ வரிசையில் நிற்க நேரமில்லாதவர்கள் ஒரு குடத்தை இடம் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள், குடம் இல்லாவிட்டால் உடைந்த பக்கெட், அதுவும் இல்லாவிட்டால் ஒரு செங்கல், ஒரு கருங்கல். வைத்தவர் தன் கையாலேயே வைத்திருக்க வேண்டும், ஒருத்தருக்காக இன்னொருத்தர் வைத்தால் செல்லாது. ஆனால் கையால் வைத்துவிட்டால் அப்புறம் அது கல் இல்லை, ஆள். அதை நகர்த்தினால் ஆளைத் தள்ளிய மாதிரி. இந்தச் சட்டத்தைக் காப்பாற்றுகிறவள் ஐந்தாம் தெரு ஸ்டெல்லா, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள், பத்தொன்பது வருஷம் பள்ளத்திலிருந்து மேட்டுக்குக் குடம் சுமந்து இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துபோனவள், அவள் ஒரு பார்வை பார்த்தால் வரிசையில் சண்டை நின்றுவிடும். அவள்தான் சொன்னாள்: குடங்கள் முதல் தெரு முனையில் நிற்கட்டும், எந்த வரிசையில் குடம் நிற்கிறதோ அந்த வரிசையில் எத்திராஜண்ணா வீடு வீடாகப் போய், ஒரு வாசலில் இரண்டு குடம் ரொம்புகிற நேரம் நிற்கட்டும்.

நியாயம்தான். ஆனால் வரிசையில் முதல் குடம் முதல் தெருவாகவும் இரண்டாவது ஐந்தாம் தெருவாகவும் மூன்றாவது மறுபடி முதல் தெருவாகவும் இருந்தால் அவர் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அலைந்துகொண்டே இருக்க வேண்டும். தெருவாரியாகப் பிரித்து வைத்தால் பாதி நடை குறையும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. வரிசை என்றால் வரிசை. எத்திராஜுக்கே தோன்றவில்லை, அவரும் அந்த ஊர்க்காரர்தானே.

மூன்றாம் நாள் காலையில்தான் அவர் தண்ணீரோடு முதல்முதலாக ஐந்தாம் தெரு மேட்டில் ஏறினார். தண்ணீருக்கு மேடு ஏறுவது கஷ்டம் என்றுதான் அவர் பத்தொன்பது வருஷமாக நினைத்திருந்தார், அதுவோ ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. தெருவே வாசலுக்கு வந்து நின்றது. யாரும் குடத்தை எடுக்கவில்லை. ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அந்த ஓட்டத்தில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஜில்லுனு கீதுண்ணா" என்றாள். எத்திராஜ் கீழே பார்த்தார். அவள் கழற்றிப்போட்ட செருப்பு ஓரமாகக் கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு அடுத்த வாசலுக்கு நடந்தார்.

அவருக்கும் பூங்காவனத்துக்கும் பேச்சு ஜன்னல் வழியாகத்தான் நடந்தது. நிற்க முடியாது, தண்ணீர் ஏறிவிடும், ஆகவே கடந்துபோகிற போக்கில் ஆளுக்கு ஒரு வாக்கியம். வரிசை எப்போது அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறதோ அப்போது அடுத்தது. இப்படி ஒரு பேச்சு முடிய ஒரு பகல் ஆகும்.

"துன்னியா?" என்று காலை எட்டு மணிக்குக் கேட்டார்.

"ஜெயமணி இட்லி குடுத்தா. நீ?" என்று எட்டே முக்காலுக்குப் பதில் வந்தது. ஜெயமணி பக்கத்து வீட்டுக்காரி.

"பாய் பன்னு குடுத்தாரு" என்றார் ஒன்பதரைக்கு.

"உனுக்குக் கால் வீங்கிக்கீது" என்றாள் பதினோரு மணிக்கு.

"உனுக்கு எப்டித் தெரியும்?" பன்னிரண்டுக்குக் கேட்டார்.

சாயங்காலம்தான் பதில் வந்தது. "எனுக்கு வேற இன்னா தெரியுது?"

உண்மைதான். அவளுக்கு அந்தப் பதினோரு நாளும் தெரிந்ததெல்லாம் இரண்டு கால், ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு, பின்னால் ஒரு தண்ணீர்க் கோடு. முதலில் செருப்பு தளர்வாக இருந்தது. ஐந்தாம் நாள் வார் இறுகியது. எட்டாம் நாள் வாருக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கி, கட்டை விரல் கறுத்திருந்தது. அவள் ஒருநாள் முழுக்க அந்தக் காலுக்காகக் காத்திருந்து, வந்ததும் அதைப் பார்த்து, போனதும் அழுதாள். கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தை அவள் காலியாக விடவில்லை. ஒரு தலையணையை நீளவாக்கில் போட்டுப் போர்வையைப் போர்த்தி வைத்திருந்தாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூங்காவனம் ஒருநாளும் குடவரிசையில் நின்றவள் இல்லை. பள்ளத்து வீடு, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும்; அதற்கு மேல், தண்ணீர் திறந்துவிடுகிறவன் பெண்டாட்டி வரிசையில் வந்து நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவள் அந்த முனைப் பக்கமே போனது கிடையாது. கல்லும் செங்கல்லும் அங்கே என்ன வேலை செய்கின்றன என்று ஐந்து தெருவிலும் தெரியாத ஒரே ஆள் அவள்தான்.

நாள் போகப் போக எல்லாருக்கும் அவர் பழகிப் போனார். நாலாம் தெரு அடுக்குமாடிக்காரர்கள் அவர் குதிகாலில் ஒரு ஹோசை வைத்து மோட்டார் போட்டு உறிஞ்சப் பார்த்தார்கள், ஸ்டெல்லா அரிவாள்மணையோடு வந்து ஹோசை இரண்டாக நறுக்கினாள். கோயில் பூசாரி மூன்று சுற்று கோயிலைச் சுற்றச் சொன்னார். வண்டி கழுவுகிறவர்கள் வண்டியை அவர் வழியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதல் இரண்டு நாள் "பாத்துப் போண்ணா" என்றவர்கள் பிறகு "சீக்கிரம் வாண்ணா" என்றார்கள். ஒன்பதாம் நாள் மூன்றாம் தெருவில் ஒருத்தர், தண்ணீரில் குளோரின் வாடை அதிகம் என்று அவரையே திட்டினார். அன்றைக்கு மத்தியானம் எத்திராஜ் இரண்டு தடவை தடுமாறினார். விழுந்துவிடக் கூடாதே என்ற பயம் மட்டும்தான் அவர் உடம்பில் விழித்திருந்தது. விழுந்தால் எழுந்திருக்க மாட்டார், எழுந்திருக்காவிட்டால் விழுந்த இடம் முழுகும், அது யார் வீட்டு வாசலோ யாருக்குத் தெரியும். பத்தாம் நாள் ஏ.இ. அம்மா வந்து, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறது, பதில் நாளைக்கு வரும் என்றாள். எத்திராஜ் சிரித்தார். அந்த வார்த்தை கேட்க எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு பூங்காவனம் ஜெயமணியைக் கூப்பிட்டு, கட்டில் கால் நாலுக்கும் மும்மூன்று செங்கல் வைக்கச் சொன்னாள். வைத்ததும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பித்தளைக் குடம் ஒன்றைக் கயிற்றால் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மூன்று படி ஏற அவளுக்கு அரைமணி ஆயிற்று; உட்கார்ந்த வாக்கில், பின்பக்கமாக, கையை ஊன்றி ஊன்றி, மாவுக்கட்டுக் காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஏறினாள். ஜெயமணி, "குடத்தக் குடு, நான் போய் வெச்சிட்டு வரேன்" என்று கெஞ்சினாள்.

"நானே வெச்சாத்தான் செல்லும்னு நீதான சொன்ன" என்றாள் பூங்காவனம்.

ரோட்டில் வாக்கரைத் தட்டித் தட்டி ஒற்றைக் காலில் அவள் முனைக்கு வந்து சேர்ந்தபோது வரிசையில் நூற்றுச்சொச்சம் குடம் நின்றது. ஸ்டெல்லா வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எத்திராஜ் அப்போதுதான் நாலாம் தெருவிலிருந்து கண் செருகி இறங்கி வந்துகொண்டிருந்தார். வாக்கர் தட்டுகிற சத்தம் கேட்டு விழித்தார். பூங்காவனம் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக் குடத்தைக் கடைசியில் வைத்தாள்.

"எங்க ஊட்டுக்கும் முறை போட்டாச்சு" என்றாள். "முறை வந்தா அவரு வந்தாவணும். கட்டிலுக்கு செங்கல் வெச்சிக்கீறேன். ஊடு முழுவுனா முழுவட்டும். அவரு வந்து உக்காரணும், அவ்ளோதான்."

பூங்காவனம் மூச்சு வாங்கிக்கொண்டே வரிசையைப் பார்த்தாள். தன் குடத்துக்கு முன்னால் ஒரு கருங்கல் இருந்தது.

"இன்னா இது, குடத்துக்கு நடுவுல கல்லு?"

"அது மல்லிகா, அண்ணி" என்றாள் ஸ்டெல்லா.

"கல்லா?"

"அவ வேலைக்குப் பூட்டா. அது அவ எடம். அவ கையால வெச்சது. அவ வர வரிக்கும் அதான் அவ."

பூங்காவனம் அந்தக் கல்லைப் பார்த்தாள். பிறகு, தள்ளாடிக்கொண்டு நிற்கிற புருஷனைப் பார்த்தாள். முகத்தை அல்ல, பழக்கம் போல காலை, செருப்பை. சின்னக் குழந்தை கேட்கிற மாதிரி, யாரையும் குத்துகிற எண்ணம் இல்லாமல்தான் கேட்டாள்.

"அப்போ இந்த ஆளு எடத்துல இன்னாவாச்சும் ஒண்ணு வெச்சா ஆவாதா? தண்ணி அதுங்கிட்ட நிக்காதா?"

இஸ்திரிக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். பாய் அடுப்பைக் குனிந்து பார்த்தார். எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு நாளில், பாத்திரம் தேய்க்கும்போதோ பல் விளக்கும்போதோ, எல்லாருக்கும் அது தோன்றியிருந்தது, எல்லாரும் அதை வாய்க்குள் வைத்து விழுங்கியிருந்தார்கள். வாசலுக்கு வருகிற தண்ணீரை யார் வேண்டாம் என்பார்கள்?

"ஆவும் அண்ணி" என்றாள் ஸ்டெல்லா. "எனுக்கு ரெண்டாம் நாளே தெரியும். சொன்னா எங்க தெருவுக்கு வராதேன்னு சொல்லாத வுட்டுட்டேன். என்னை எது சொன்னாலும் தகும்."

"அவளச் சொல்லாத, பூங்கா" என்றார் எத்திராஜ். தண்ணீர் அவர் கணுக்காலுக்கு ஏறியிருந்தது. "எனுக்கும் மூணாம் நாளே தெரியும்."

பூங்காவனம் இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். பதினோரு நாளில் முதல் தடவை.

"தெரிஞ்சும் நடந்துக்கினு இருந்தியா?"

"பத்தொம்பது வருசம் நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிக்கினு இருந்தேன், பூங்கா. அன்னிக்கு மேட்டுல அல்லாரும் வாசல்ல வந்து நின்னாங்க. எனுக்கு வுட்டுட்டு வர மனசு வரல. மேல வெச்சா மத்தத் தெரு சண்டைக்கு வரும், கீழ வெச்சா மேல ஏறாது. நடந்தா அல்லாருக்கும் கெடைக்குது, இன்னும் ஒரு நாளு, இன்னும் ஒரு நாளுன்னு..."

"நான் ஜன்னல்ல கெடந்தேன்" என்றாள் அவள். சத்தமாகச் சொல்லவில்லை. "உன் கால் வீங்கி அழுவுறதப் பாத்துக்கினு கெடந்தேன். தலை வாரி பதினோரு நாளாவுது."

இரண்டாம் தெருக்காரர் ஒருத்தர், "அண்ணா, வெக்கறதுன்னா நடுவுல வெச்சிடு, அல்லாருக்கும் பொதுவா இருக்கும்" என்று ஆரம்பித்தார், அந்தப் பார்வையை இந்தத் தடவை ஸ்டெல்லா பார்க்கவில்லை, பூங்காவனம்தான் பார்த்தாள், அவர் நிறுத்திக்கொண்டார்.

"எங்கனா வெச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு, அவள் வாக்கரைத் திருப்பிக்கொண்டு வீட்டைப் பார்த்துத் தட்டித் தட்டிப் போனாள். குடம் வரிசையிலேயே நின்றது.

எத்திராஜ் கடைசித் தடவையாக மேடு ஏறினார். ஸ்டெல்லா முதுகில் கையை வைத்துத் தாங்கிக்கொண்டே வந்தாள். ஐந்தாம் தெரு நடுவில், பத்தொன்பது வருஷமாகக் காற்றை மட்டும் துப்பிய கைப்பம்பு ஒன்று இருக்கிறது. அதன் மேடையில் கையை ஊன்றிக்கொண்டு எத்திராஜ் செருப்பைக் கழற்றினார். வார் சதையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஸ்டெல்லா குனிந்தாள். "வேணாம், நானே எடுத்து வெச்சாத்தான்" என்று அவரே பிய்த்து எடுத்து, தன் கையால் இரண்டையும் சேர்த்து, மேட்டைப் பார்த்தபடி மேடைக்குக் கீழே வைத்தார். தண்ணீர் வந்து செருப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

"போதும்" என்றார் எத்திராஜ். "இங்கியே படு."

படுத்துக்கொண்டது. ஸ்டெல்லாவைப் பார்த்து, "நாளைக்கும் வரும்" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்றைக்கும் அந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது. வீங்கிய கால் அழுத்தியதால் செருப்பில் விழுந்த பள்ளம்கூட அப்படியே இருக்கிறது. ஒருவரும் அதைத் தொடுவதில்லை. குடவரிசை அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது, முதல் இடம் எப்போதும் அதற்குத்தான். மற்ற நாலு தெருவும் மேடு ஏறி வந்து குடம் சுமந்து இறங்குகிறது, இடுப்பு வலிக்கிறது என்று முணுமுணுக்கிறது. ஐந்தாம் தெருக்காரர்கள் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. ஏ.இ. அம்மா ஃபைலை மூடிவிட்டாள்.

ஆனால் எத்திராஜ் அதையெல்லாம் நினைத்துப் பார்க்கும் நிலையில் இல்லை. வெறுங்காலோடு இறங்கினார். பகல் வெயிலில் ரோடு சுட்டது. நாலாம் தெருவில் அவர் பின்னால் ஈரப் பாதங்கள் விழுந்துகொண்டு வந்தன, மூன்றாம் தெருவில் அரைகுறையாக விழுந்தன, இரண்டாம் தெருவில் கால் காய்ந்துவிட்டது. அங்கே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை. பழக்கத்தில் முதுகு கொஞ்சம் கூசியது.

மூன்று படி இறங்கினார். கூடம் உலர்ந்திருந்தது. செங்கல் வைத்த கட்டில் உயரமாக நின்றது, அதில் பூங்காவனம் எப்படியோ ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் வந்தது தெரியும், திரும்பவில்லை. அவர் கட்டில் பக்கத்தில் போய் நின்றார். பதினோரு நாளாக உட்காராதவருக்கு எப்படி உட்காருவது என்று மறந்தே போயிருந்தது. அவர் படுக்கிற பக்கத்தில் தலையணை நீளமாகப் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் கையால் வைத்த இடம் அது, அதை அவர் நகர்த்தக் கூடாது. ஆகவே நின்றார்.

ரொம்ப நேரம் நின்றார். ஜன்னலில் தெருவின் கால்கள் மேட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

பூங்காவனம் திரும்பாமலேயே கையை மட்டும் பின்னால் நீட்டித் தலையணையை இழுத்து எடுத்தாள். எடுத்துத் தன் மாவுக்கட்டுக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் உட்கார்ந்தார். தரை தரையாகவே இருந்தது. சீப்பைத் தேடுகிற மாதிரி கையை ஒருதரம் நீட்டினார், பாதியிலேயே தூங்கிவிட்டார்.

எழுந்து போகிறவர்கள் கொஞ்சம் சத்தமில்லாமல் போங்கள்.